பதினாறில் ஒன்று

சில வருடங்களுக்கு முன்னால் கைபேசிச் செயலிகளைச் சோதித்துப் பார்க்கும் குழு ஒன்றில் வேலை பார்த்தேன். கடைக்கு இன்னும் வராத போன்கள் அவ்வப்போது எங்கள் கைக்கு வரும். கறுப்பு உறை, பெயர் கிடையாது, முதுகில் ஓர் எண் மட்டும் ஒட்டியிருக்கும். காலையில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுக்கவேண்டும். மாலையில் எண்ணி வைத்து, மறுபடி கையெழுத்துப் போட்டு, அலமாரியைப் பூட்டவேண்டும். ஒருநாள் மாலை எண்ணினால் ஒன்று குறைகிறது. திரும்ப எண்ணினேன். குறைகிறது. மேசை, பை, குப்பைக்கூடை, கழிப்பறை என்று 40 நிமிடம் தேடினேன். அதற்குள் மனசு எங்கெங்கோ போய்விட்டது. வேலை போகும், வழக்குப் போடுவார்கள், வீட்டில் எப்படிச் சொல்வது என்று முழுக் கணக்கும் போட்டு முடித்துவிட்டேன். கடைசியில் பக்கத்து இருக்கைக்காரரின் சார்ஜர் வயர்க் கட்டுக்கு அடியில் கிடந்தது. மேலாளரிடம் போய்ச் சொன்னேன். கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே, "கிடைச்சிடுச்சுல்ல, விடுங்க" என்றார்.

என்னால் விட முடியவில்லை. அன்றிரவு தூக்கம் பிடிக்காமல், எப்போதோ மேலோட்டமாகப் படித்திருந்த ஒரு செய்தியைத் தேடி எடுத்து முழுசாகப் படித்தேன். 2009 ஜூலையில் சீனாவின் ஷென்சென் நகரத்தில் நடந்தது.

ஆப்பிளுக்கு ஐபோன் செய்துகொடுக்கும் ஃபாக்ஸ்கான் நிறுவனத்தில், புதுத் தயாரிப்புகளின் முன்மாதிரிகளை ஆப்பிளுக்கு அனுப்பிவைக்கும் பொறுப்பில் 25 வயது இளைஞர் ஒருவர் இருந்தார். யுன்னான் மாகாணத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். ஹார்பின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அங்கே இடம் கிடைப்பது லேசான காரியமில்லை, வீட்டுக்கே அவர்தான் பெருமையாக இருந்திருப்பார். அவரிடம் புது ஐபோனின் முன்மாதிரிகள் 16 வந்தன. பிறகு எண்ணிப் பார்த்தால் 15. எங்கெங்கோ தேடிவிட்டு, ஜூலை 13 அன்று மேலதிகாரியிடம் சொன்னார். 15-ஆம் தேதி நிறுவனத்தின் காவல் பிரிவினர் அவர் குடியிருந்த வீட்டைச் சோதனை போட்டார்கள். விசாரணையின்போது தன்னை அடித்ததாக அவர் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். நிறுவனத்தின் காவல் அதிகாரி அதை மறுத்தார். 16-ஆம் தேதி பொழுது விடியும் முன்பே அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். கடைசியாக நண்பருக்கு அனுப்பிய செய்தியில், நாளையிலிருந்து யாரும் மிரட்டமுடியாது, பலியாடாக நிற்கவும் தேவையில்லை, அதை நினைத்தால் நிம்மதியாக இருக்கிறது என்ற பொருளில் எழுதியிருந்தார்.

ஃபாக்ஸ்கான் வருத்தம் தெரிவித்தது. அந்தக் காவல் அதிகாரியைப் பணியிலிருந்து நிறுத்திவைத்தது. இளம் ஊழியரின் மறைவு துயரம் தருகிறது, விசாரணை முடிவுக்காகக் காத்திருக்கிறோம், எங்களுக்குப் பொருள் தயாரித்துத் தருபவர்கள் தொழிலாளர்களைக் கண்ணியமாக நடத்தவேண்டும் என்பது எங்கள் விதி என்றது ஆப்பிள். குடும்பத்துக்கு 3 லட்சம் யுவான் கொடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 44,000 டாலர். அவர் காதலித்த பெண்ணுக்கு ஓர் ஆப்பிள் மடிக்கணினி.

அந்த மடிக்கணினியை என்னால் கடந்துபோக முடியவில்லை. ஏதோ ஓர் அறையில் நாலு பேர் உட்கார்ந்து, "அந்தப் பெண்ணுக்கு என்ன கொடுக்கலாம்?" என்று பேசியிருப்பார்கள். கெட்ட எண்ணத்தில் பேசியிருக்கமாட்டார்கள். கையில் என்ன இருந்ததோ அதைக் கொடுத்திருக்கிறார்கள்.

காணாமல்போனது நான்காம் தலைமுறை ஐபோன் என்று அப்போதே பத்திரிகைகள் எழுதின. எட்டு மாதம் கழித்து, 2010 மார்ச்சில், அதே நான்காம் தலைமுறை ஐபோனின் முன்மாதிரி இன்னொரு இடத்தில் காணாமல்போனது. இந்தமுறை கலிஃபோர்னியாவில், ரெட்வுட் சிட்டி என்ற ஊரின் மதுக்கூடத்தில். ஆப்பிளின் மென்பொறியாளர் ஒருவர் தன் பிறந்தநாளன்று குடிக்கப்போன இடத்தில் அதை மறந்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். எடுத்தவரிடமிருந்து கிஸ்மோடோ என்ற தொழில்நுட்பத் தளம் 5,000 டாலருக்கு வாங்கி, திருகு திருகாகக் கழற்றிப் படம் போட்டது. உலகமே பார்த்தது. ஆப்பிள் வரலாற்றில் அதற்கு முன் அவ்வளவு பெரிய கசிவு நடந்ததில்லை. காவல்துறை அந்தத் தளத்தின் ஆசிரியர் வீட்டைச் சோதனை போட்டது, அது தனிக்கதை. போனைத் தொலைத்த பொறியாளர் வேலையில் நீடித்தார். லுஃப்தான்சா விமான நிறுவனம் அவரை ஜெர்மனிக்கு வந்து பீர் குடித்துப் போகும்படி இலவசப் பயணத்துக்கு அழைத்தது.

அந்தப் பொறியாளர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவருக்கு நடந்ததுதான் நியாயம். தவறுதலாகத் தொலைத்த மனிதரை இப்படித்தான் நடத்தவேண்டும், நாலுநாள் கேலி செய்துவிட்டு விட்டுவிடவேண்டும்.

2010 ஜூன் 7 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஐபோன் 4-ஐ அறிமுகம் செய்தார். ஏற்கெனவே பார்த்திருந்தால் சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லி ஒரு சிரிப்பு சிரித்தார். அரங்கம் குலுங்கியது. நல்ல நகைச்சுவைதான். பதினாறில் ஒன்று குறைந்த கதை அந்த அரங்கில் எத்தனை பேருக்கு நினைவுக்கு வந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ரகசியத்தின் விலை என்ன என்று ஒருமுறை நீதிமன்றத்தில் எழுத்துபூர்வமாகவே தெரியவந்தது. 2014 அக்டோபரில் ஆப்பிளுக்கு நீலக்கல் படிகம் தயாரித்துத் தர ஒப்பந்தம் போட்டிருந்த ஜிடி அட்வான்ஸ்டு டெக்னாலஜிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் திவாலானது. வழக்கு ஆவணங்களில் ரகசியக் காப்பு ஒப்பந்தம் வெளியே வந்தது. ஒவ்வொரு கசிவுக்கும் 5 கோடி டாலர் தண்டம். திட்டம் முழுவதற்கும் இல்லை, ஒவ்வொரு கசிவுக்கும். இந்த எண்ணைப் பார்த்ததும் ஷென்சென் காவலர்களின் நடத்தை எனக்குப் புரிய ஆரம்பித்தது. அந்த 16 போன்களுக்கு இதே தொகை பேசப்பட்டிருந்தது என்று சொல்லவரவில்லை. மேலே உட்கார்ந்திருப்பவர் அப்படியொரு தொகையைத் தாளில் எழுதும் தொழில் இது. கீழே வாசலில் நிற்கும் காவலருக்கு அந்தத் தாளைக் காட்டத் தேவையில்லை. அது பயமாக மாறி, மேலாளர், துணை மேலாளர், காவல் தலைவர் என்று படிப்படியாக இறங்கி, கடைசிப் படியில் இருப்பவரின் கன்னத்தில் அறையாக விழும். என் மேலாளர் தலையைத் தூக்காமல் "விடுங்க" என்று சொல்லமுடிந்ததற்குக் காரணம் அவருடைய நல்ல குணம் மட்டும் இல்லை. எங்கள் படிக்கட்டில் அவருக்கு மேலே அந்த அளவு பயம் இல்லை, அவ்வளவுதான்.

2010 பிப்ரவரியில் ராய்ட்டர்ஸ் செய்தியாளர் ஒருவர் ஷென்சென் அருகே குவான்லானில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையைப் பொதுச் சாலையில் நின்று படம் எடுத்தார். காவலர்கள் ஓடிவந்து பிடித்தார்கள். ஒருவர் காலால் உதைத்தார். போலீஸை அழைத்ததும் போலீஸ் வந்தது. புகார் கொடுப்பது உங்கள் விருப்பம், ஆனால் இது ஃபாக்ஸ்கான், இங்கே அவர்களுக்குத் தனி அந்தஸ்து, புரிந்துகொள்ளுங்கள் என்றார் அந்த அதிகாரி. வெளியூர் செய்தியாளருக்கே பொதுச் சாலையில் இந்த வரவேற்பு என்றால், சுவருக்கு உள்ளே யுன்னான் கிராமத்துப் பையனுக்கு என்ன கிடைத்திருக்கும்?

அந்த ஆண்டுதான் ஃபாக்ஸ்கான் என்ற பெயர் உலகம் முழுக்கத் தெரிந்தது. 2010-இல் அதன் சீன ஆலைகளில் 18 இளம் தொழிலாளர்கள் தற்கொலைக்கு முயன்றார்கள் என்றும், அவர்களில் 14 பேர் இறந்தார்கள் என்றும் ஆய்வாளர்கள் தொகுத்திருக்கிறார்கள். எல்லாரும் கிராமங்களிலிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் 17-க்கும் 25-க்கும் இடைப்பட்ட வயது. மே மாதக் கடைசியில் நிறுவனர் டெர்ரி கோவ் பத்திரிகையாளர்களை அழைத்து ஆலையைச் சுற்றிக்காட்டினார், தலை குனிந்து வணங்கி மன்னிப்புக் கேட்டார். அன்றிரவே இன்னொருவர் இறந்தார். கட்டடங்களைச் சுற்றி வலை கட்டினார்கள். அடிப்படைச் சம்பளத்தை மாதம் 900 யுவானிலிருந்து 1,200 ஆக உயர்த்தினார்கள். தற்கொலை செய்துகொண்டால் சட்டம் சொல்வதற்கு மேல் குடும்பத்தார் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று தொழிலாளர்களிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கப் பார்த்தார்கள். அது வெளியே தெரிந்து கூச்சல் கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

இங்கே ஒரு வாதம் வரும். இன்றைக்கும் யாராவது இதைச் சொல்லிக் கேட்கிறேன். ஜாப்ஸும் அந்த ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு மாநாட்டு மேடையில் இதைத்தான் சொன்னார்: அந்த ஆலையில் 4 லட்சம் பேர் வேலை செய்கிறார்கள், தற்கொலை விகிதம் அமெரிக்க நாட்டு விகிதத்தைவிடக் குறைவுதான், ஆனாலும் வருத்தமான விஷயம். அங்கே உணவகம், திரையரங்கு, மருத்துவமனை, நீச்சல்குளம் எல்லாம் இருக்கின்றன, அது கொத்தடிமைக்கூடம் இல்லை என்றார். எண்ணை மட்டும் பார்த்தால் கணக்கு சரி. ஆனால் எதை எதோடு ஒப்பிடுகிறோம்? ஒரு நாட்டின் விகிதத்தில் முதியவர்கள், தீராத நோயாளிகள், வேலை இழந்தவர்கள், தனிமையில் கிடப்பவர்கள் எல்லாரும் அடக்கம். ஆலைக்குள் இருப்பவர்களோ வேலைக்குத் தகுதி என்று பார்த்து எடுக்கப்பட்ட இருபது வயதுக்காரர்கள். நாட்டு விகிதம் எங்கே இறந்தாலும் எண்ணும். ஆலைக் கணக்கு, ஆலையிலும் விடுதியிலும் நடந்து, அதுவும் வெளியே தெரிந்ததை மட்டும் எண்ணும். வேலையை விட்டு ஊருக்குத் திரும்பியபின் இறந்தவர் அதில் வரமாட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே நிறுவனத்தில், ஒரே ஆண்டில், ஒருவரைப் பார்த்து ஒருவர் என்று ஒரே விதமாக நடப்பதை விகிதம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. ஊரில் காய்ச்சல் சராசரியாகத்தான் இருக்கிறது என்றாலும் ஒரே தெருவில் 14 வீட்டில் வந்தால் அந்தத் தெருவின் தண்ணீரைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பிழைத்தவர்களில் ஒரு பெண் இருந்தார். 17 வயது, ஹூபே மாகாணத்துக் கிராமத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் சொச்சம்தான் ஆகியிருந்தது. ஆய்வாளர்கள் மருத்துவமனையில் அவரோடு பலமுறை பேசி எழுதியிருக்கிறார்கள். முதல் மாதச் சம்பளம் அவருக்கு வரவில்லை. லோங்ஹுவா ஆலையில் வேலை, சம்பள அட்டை எப்படியோ குவான்லான் ஆலைக்குப் போய்விட்டது. பேருந்து ஏறி அங்கே போனார். ஒரு கட்டடத்தில் கேட்டால் அடுத்த கட்டடத்தைக் காட்டினார்கள், அங்கே கேட்டால் இன்னொன்றை. யாருக்கும் தெரியவில்லை. கையில் காசில்லை, போன் உடைந்திருந்தது. அறையில் உடன் தங்கியிருந்தவர்கள் வேறு வேறு ஷிஃப்ட், ஒரே ஊர்க்காரர்கள் கிடையாது. லைனில் பேசக்கூடாது என்பது விதி. மறுநாள் காலை அவர் மாடியிலிருந்து குதித்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

இதில் ரகசியம் எங்கே வந்தது என்று கேட்கலாம். நேராக வரவில்லைதான். ஆனால் அந்த ஆலை மனிதர்களை அடுக்கிவைத்த முறையைப் பாருங்கள். ஒருவர் செய்வது அடுத்தவருக்குத் தெரியக்கூடாது, ஒரு கட்டடத்தில் நடப்பது அடுத்த கட்டடத்துக்குத் தெரியக்கூடாது, தான் பூட்டும் திருகு எதற்குள் போகிறது என்றுகூடத் தெரியத் தேவையில்லை. பொருளைப் பாதுகாக்க வளர்த்த பழக்கம் இது. சம்பள அட்டை எங்கே என்று தெரியாமல் நிற்கும் பெண்ணுக்கும் அதே சுவர்தான் குறுக்கே நிற்கும்.

இன்னொரு வகை ரகசியமும் உண்டு. அது போனைப் பற்றியது இல்லை, போனை யார் செய்கிறார்கள் என்பதைப் பற்றியது. ஆப்பிள் 2012 ஜனவரியில்தான் முதன்முறையாகத் தன் சப்ளையர்கள் 156 பேரின் பட்டியலை வெளியிட்டது. அதுவரை, இந்த ஆலை உங்களுக்காக வேலை செய்கிறதா என்று யார் கேட்டாலும், அதைச் சொல்வதில்லை என்பது எங்கள் கொள்கை என்ற பதில்தான் கிடைக்கும்.

கேட்டவர்களில் முக்கியமானவர் மா ஜுன். பெய்ஜிங்கில் பொது மற்றும் சுற்றுச்சூழல் விவகார நிறுவனம் என்ற அமைப்பை நடத்துபவர், முன்னாள் பத்திரிகையாளர். அவர் கேட்டதன் பின்னணி சூச்சோ நகரத்து வின்டெக் ஆலை. தொடுதிரை செய்யும் இடம். திரையைத் துடைக்க அங்கே ஆல்கஹாலுக்குப் பதிலாக என்-ஹெக்சேன் என்ற திரவத்தைக் கொண்டுவந்தார்கள். ஆல்கஹாலைவிட வேகமாக ஆவியாகும், அதனால் மணிக்கு இன்னும் சில திரைகள் கூடுதலாகத் துடைக்கலாம். அதன் ஆவி நரம்பைத் தின்னும். காற்றோட்டம் சரியாக இல்லாத அறையில் நாள் முழுக்கத் துடைத்தவர்களுக்கு விரல் மரத்தது, பிறகு கால் தளர்ந்தது, மாடிப்படி ஏறமுடியவில்லை. இது 2009-இல். பாதிக்கப்பட்டவர்கள் 137 பேர் என்று ஆப்பிள் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது 2011 பிப்ரவரியில். அதற்குச் சற்று முன், அந்த ஆண்டு ஜனவரியில்தான், மா ஜுனும் அவரோடு சேர்ந்த அமைப்புகளும் 29 மின்னணு நிறுவனங்களை வரிசைப்படுத்தி, பதில் சொல்வதில் ஆப்பிளைக் கடைசியில் வைத்திருந்தார்கள். நடுவில் போன காலத்தில், பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போய்விடும்படி தங்களை நெருக்கினார்கள் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். சிலர் ஜாப்ஸுக்கே கடிதம் எழுதினார்கள்.

அடுத்தது செங்டு நகரம். 2011 மே மாதம் ஹாங்காங்கின் தொழிலாளர் நல அமைப்பு ஒன்று, அங்குள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபேடின் அலுமினிய முதுகை மெருகேற்றும் இடத்தில் தூசு அடர்ந்திருக்கிறது, பாதுகாப்பு இல்லை என்று அறிக்கை வெளியிட்டது. இரண்டு வாரம் போனது. மே 20 அன்று அந்தத் தூசு வெடித்தது. அலுமினியம் தகடாக இருக்கும்வரை சாது, நுண்துகளாகி மூடிய அறையின் காற்றில் மிதந்தால் ஒரு பொறி போதும். நான்கு பேர் இறந்தார்கள், 18 பேர் காயமடைந்தார்கள். ஏழு மாதம் கழித்து ஷாங்காயில், ஐபேடுக்கான பாகம் செய்யும் இன்னொரு நிறுவனத்தின் ஆலையில் அதேபோல அலுமினியத் தூசு வெடித்து 50-க்கும் மேற்பட்டோர் காயம்பட்டார்கள். முதல் வெடிப்பில் கற்றது இரண்டாவது ஆலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

ஆப்பிள் அதன்பிறகு மாறவில்லை என்று சொன்னால் பொய். பட்டியலை ஆண்டுதோறும் வெளியிட்டது, 2014-இல் இறுதி அசெம்பிளி ஆலைகளில் பென்சீனையும் என்-ஹெக்சேனையும் தடைசெய்தது. யாராவது வெளியே சொல்லி, அது செய்தியாகி, பெயர் கெட்டபிறகு. ஒவ்வொரு முறையும் அந்த வரிசையில்தான்.

இதுவரை நான் சொன்னதெல்லாம் சீனக் கதை, அமெரிக்க நிறுவனத்தின் கதை. ஆனால் எனக்கு இந்த விஷயத்தில் ஒரே ஒருவர் பெயரைத்தான் சொல்லமுடியும் என்றால் தென்கொரியாவின் ஹ்வாங் சாங்-கியைச் சொல்வேன். கிழக்குக் கடற்கரையில் சோக்சோ என்ற ஊர், டாக்சி ஓட்டுநர். மகள் யூ-மி 2003-இல் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு சாம்சங்கின் கிஹுங் சிப் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஊரே வாழ்த்தியிருக்கும், சாம்சங் வேலை என்றால் சும்மாவா! மூன்றாவது லைனில், சிலிக்கான் தகடுகளை ரசாயனத் தொட்டியில் முக்கி எடுப்பது வேலை. இரண்டே ஆண்டில் ரத்தப் புற்றுநோய். 2007 மார்ச் 6 அன்று மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் வழியில், அப்பா ஓட்டிய டாக்சியின் பின் இருக்கையில் உயிர் பிரிந்தது. 22 வயது. அவரோடு ஜோடியாக அதே தொட்டியில் வேலை பார்த்த பெண்ணும் அதே நோயில் முந்தைய ஆண்டே இறந்திருந்தார்.

ரத்தப் புற்றுநோய் அபூர்வமான நோய். ஒரே தொட்டிக்கு முன்னால் நின்ற இரண்டு பேருக்கும் வந்தது என்றால் அப்பா என்ன கேட்பார்? தொட்டியில் என்ன இருந்தது என்று கேட்டார். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. பேசாமல் இருக்க 100 கோடி வோன் தருவதாக நிறுவனத்தார் சொன்னதாகவும் தான் மறுத்ததாகவும் அவர் கூறியிருக்கிறார். ஒரு டாக்சி ஓட்டுநர் வாழ்நாளில் பார்க்கவே முடியாத தொகை. அதே ஆண்டு நவம்பரில் பானோலிம் என்ற அமைப்பு அவரைச் சுற்றி உருவானது.

தொழில்நோய் என்று நிவாரணம் கேட்டால், எந்த ரசாயனத்தால், எவ்வளவு காலத்தில், எந்த அளவில் நோய் வந்தது என்று நோயாளி நிரூபிக்கவேண்டும். அந்த விவரமெல்லாம் நிறுவனத்திடம் இருக்கும். கேட்டால் வணிக ரகசியம். அரசு அலுவலகத்தில் கேட்டால், நிறுவனம் ரகசியம் என்று சொல்லிவிட்டது. வந்த தாள்களில் பாதி கறுப்பு மை. சாவி எதிராளியின் சட்டைப்பையில், பூட்டைத் திறக்கவில்லை என்று தீர்ப்பு உன்மேல்.

அமெரிக்கா இதே பாடத்தை முன்பே படித்திருந்தது என்பதுதான் எரிச்சலான விஷயம். 1980-களில் அங்குள்ள சிப் ஆலைகளில் பெண்களுக்குக் கருச்சிதைவு அதிகம் என்று சந்தேகம் வந்து, நிறுவனங்களே பணம் கொடுத்து ஆய்வு நடத்தின. கிளைக்கால் ஈதர் என்ற கரைப்பான் வகைமேல் பழி விழுந்தது. 1990-களில் அதைப் படிப்படியாகக் கைவிடுவதாக அறிவித்தார்கள். சிப் செய்யும் தொழிலில் பெரும்பகுதி கிழக்காசியாவுக்குப் பெயர்ந்தது. தொழில் கடல் தாண்டியது. அந்த எச்சரிக்கை அதே கப்பலில் ஏறவில்லை.

2011-இல் சியோல் நிர்வாக நீதிமன்றம் யூ-மிக்கும் உடன் வேலை பார்த்த பெண்ணுக்கும் வந்தது தொழில்நோய்தான் என்றது. 2014-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2017 ஆகஸ்டில் சாம்சங்கின் எல்சிடி ஆலைத் தொழிலாளி ஒருவர் வழக்கில் கொரிய உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. நிறுவனம் தகவல் தர மறுத்ததால் சான்று இல்லாமல் போயிருந்தால், அதைத் தொழிலாளிக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்ளவேண்டும் என்றது. வழக்கில் சிக்கிய எத்தனையோ குடும்பங்கள் அந்த வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தன. இதற்கு நடுவே 2015 அக்டோபரிலிருந்து சாம்சங் தலைமையகத்துக்கு முன்னால் பானோலிம் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தது. மழை, பனி எல்லாம் சேர்த்து 1,023 நாள்.

2018 நவம்பர் 23 அன்று சாம்சங்கின் தலைமை அதிகாரி ஒருவர் மேடையில் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். பாதிக்கப்பட்டவர்களுக்கு அதிகபட்சம் 15 கோடி வோன் வரை நிவாரணம், 1984 முதல் வேலை பார்த்தவர்களுக்குப் பொருந்தும். அன்றைய கணக்கில் நோயுற்றவர்கள் 320 பேர், அவர்களில் இறந்தவர்கள் 118 பேர் என்றது பானோலிம். பதினோரு ஆண்டு ஏமாற்றப்பட்டதற்கும் அவமானப்பட்டதற்கும் எந்த மன்னிப்பும் போதாது என்று ஹ்வாங் சாங்-கி சொன்னார். சொல்லிவிட்டு ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு மே மாதம் கொரியத் தொழில் பாதுகாப்பு முகமை பத்தாண்டு ஆய்வின் முடிவை வெளியிட்டது. சிப் ஆலைப் பெண்கள் ரத்தப் புற்றுநோயால் இறக்கும் அபாயம் மற்றத் தொழிலாளர்களைவிட 2.3 மடங்கு.

அப்பாவின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று இங்கே நிறுத்தினால் கதை நன்றாக இருக்கும். 2018 பிப்ரவரியில் டேஜோன் உயர் நீதிமன்றம், சாம்சங்கின் ஓன்யாங் ஆலையின் பணிச்சூழல் அளவீட்டு அறிக்கையை இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குக் காட்டச் சொன்னது. எந்த ரசாயனம், எந்த இடத்தில், காற்றில் எவ்வளவு என்று எழுதிய அறிக்கை அது. பிற ஆலைகளின் அறிக்கைகளும் வெளிவர இருந்த நேரத்தில் சாம்சங் தொழில்துறை அமைச்சகத்திடம் போனது. அந்த அறிக்கைகளில் சில பகுதிகள் "தேசிய அடிப்படைத் தொழில்நுட்பம்" என்று ஏப்ரலில் அமைச்சகம் தீர்மானித்தது. 2019 ஆகஸ்டில் தொழில்நுட்பப் பாதுகாப்புச் சட்டத்தையே திருத்தி, அந்த வகைத் தகவலை வெளியிடுவதற்குத் தடை போட்டார்கள். 2020 பிப்ரவரியில் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஒரு நிறுவனத்தின் ரகசியமாக இருந்தது அன்றிலிருந்து நாட்டின் ரகசியம்.

தொடக்கத்தில் நான் சொன்ன அந்தக் கறுப்பு உறை போன் எது என்று சொல்லாமலே விட்டதைக் கவனித்திருப்பீர்கள். அது கடைக்கு வந்து, விற்று, பழசாகி, இன்று அதைச் செய்வதும் இல்லை. பெயரைச் சொன்னால் யாருக்கும் எந்த நட்டமும் கிடையாது. ஆனால் அந்த வேலையை விட்ட அன்று என்னிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். படித்துப் பார்த்தேன், முடிவு தேதி என்று எதுவும் அதில் போட்டிருக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.